சீர்த் தட்டில் வந்த மருதம்பட்டை

நோயாளிகள் நம்மிடம் சொல்லும் பொய்களில் மிகவும் மரியாதையானது, "வேற ஒண்ணுஞ் சாப்புடறதில்லீங்க" என்பது. மருந்துக் கவுன்டருக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் இதைத் தினமும் கேட்பீர்கள். படிவத்தில் 'பிற மருந்துகள்: இல்லை' என்று எழுதுவீர்கள். நானும் எழுதினேன். முப்பத்து நான்கு ஆண்டுகள், அழகான கையெழுத்தில்.

ஓய்வு பெற்ற தலைமை மருந்தாளுநரைப் பேச அழைத்தால் அவன் தன் வெற்றிகளைச் சொல்வான் என்று நிர்வாகம் எதிர்பார்க்கிறது. என் வெற்றிகள் எல்லாம் ஒரே மாதிரியானவை: சரியான மருந்தைச் சரியான ஆளிடம் கொடுத்தேன், அவர் வீட்டுக்குப் போனார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இதைக் கேட்டால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். எனவே, விதிமுறை ஒன்றைக்கூட மீறாமல் ஒரு பெண்ணை ஆபத்தில் தள்ளிய கதையைச் சொல்கிறேன்.

முதலில் மருதம்பட்டையைப் பற்றி. அதை நான் கேலி செய்யப் போகிறேன் என்று நினைத்துச் சிரிப்பைத் தயாராக வைத்திருந்தால் உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். சித்த மருத்துவர்கள் அதைக் காலங்காலமாக இதயத்துக்குக் கொடுத்து வருகிறார்கள். நம் அலோபதிப் பக்கத்து ஆய்வாளர்களும் அதை எடுத்துச் சோதித்திருக்கிறார்கள். சிறிய சோதனைகள் சிலவற்றில் நல்ல அறிகுறிகள் தெரிந்தன. பெரிய அளவில் உறுதிப்படவில்லை. பூண்டு ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கும். செடியில் சத்து ஒன்றுமில்லை என்பவன் படித்த முட்டாள். செடிதானே, என்ன செய்துவிடும் என்பவன் படிக்காத முட்டாள். அரளியும் செடிதான்; அதுவும் இதயத்தில்தான் வேலை செய்கிறது. உடம்புக்குள் போய் உண்மையிலேயே வேலை செய்கிற எந்தப் பொருளும், ஏற்கெனவே அங்கே வேலை பார்த்துக்கொண்டிருக்கும் மருந்தின் வேலையில் கை வைக்கும். பயன் இருப்பதால்தான் ஆபத்தும் இருக்கிறது. பயனே இல்லாத பொருளைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை; அதைத் தொலைக்காட்சி விளம்பரம் பார்த்துக்கொள்ளும்.

இனி பூங்கொடி.

ஜலகண்டாபுரத்தில் விசைத்தறி வைத்திருந்த குடும்பம். வயது நாற்பதுக்குக் கொஞ்சம் மேல். இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போய், அதற்குப் பதிலாக உலோக வால்வு பொருத்தியிருந்தார்கள். உலோக வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும் என்பதால் வாழ்நாள் முழுக்க வார்ஃபரின் மாத்திரை. அந்த மாத்திரை கூடினால் ரத்தக்கசிவு, குறைந்தால் ரத்தக்கட்டி. நடுவில் ஒரு வரப்பு. வரப்பின் மேல்தான் நடக்கிறாரா என்று பார்க்க ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை. பூங்கொடிக்கு அது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் இருக்க வேண்டும். நான்கு வருடங்களாக இருந்தது.

திடீரென்று ஏறத் தொடங்கியது, அதாவது ரத்தம் அளவுக்கு மீறி இளகியது. நான்கு, நான்கரை. எங்கள் இதய மருத்துவர், நாங்கள் பெரிய டாக்டரம்மா என்று அழைத்தவர், மாத்திரையை ஐந்து மில்லிகிராமிலிருந்து நான்காகக் குறைத்தார். அடுத்த முறையும் ஏறியிருந்தது. ஒரு திங்கட்கிழமை மூன்றாகக் குறைத்து, ஒரு மாதம் கழித்து வரச் சொல்லி, மருந்துச் சீட்டோடு என் கவுன்டருக்கு அனுப்பினார்.

டாக்டரம்மா கேட்டிருந்தார்: வேறு மருந்து எடுக்கிறீர்களா? இல்லீங்க. நாட்டு மருந்து? இல்லீங்க. வலி மாத்திரை? இல்லவே இல்லீங்க. நான் அதே கேள்வியை மறுபடியும் கேட்டிருந்தால் அதே பதில்தான் வந்திருக்கும். எனவே வேறு விதமாகக் கேட்டேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், இந்தக் கதையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் இதுதான்.

"ஏனுங்கம்மா, உடம்புக்கு நல்லதுன்னு சொல்லி யாராச்சும் உங்களுக்கு ஏதாச்சும் குடுத்தாங்களா, சமீபத்துல?"

பூங்கொடியின் முகம் மலர்ந்துவிட்டது. "எங்கண்ணன் குடுத்துச்சுங்க. பொண்ணு சீருக்கு."

மூன்று மாதங்களுக்கு முன்னால் அவர் மகளுக்குப் பூப்பு நன்னீராட்டு விழா. தாய்மாமன் சீர் கொண்டுவந்தார். அந்தச் சீர்வரிசையில் எத்தனை தட்டு, எதில் என்ன என்று பூங்கொடி எனக்கு வரிசையாகச் சொன்னார். பட்டுப்புடவைத் தட்டுக்கும் ஆப்பிள் தட்டுக்கும் நடுவில், அடுக்கடுக்காகக் கோபுரம் கட்டி, 'இதயக் காவலன்' என்ற பெயரில் பன்னிரண்டு மூலிகை மாத்திரைப் பாட்டில்கள். அண்ணன் தங்கராசு எடப்பாடியில் உரக்கடை வைத்திருந்தவர். கூடவே இந்த மாத்திரைகளை ஆள் சேர்த்து விற்கும் சங்கிலி ஒன்றில் சேர்ந்து, 'தங்க நிலை' வரைக்கும் உயர்ந்திருந்தார். பெயரிலேயே தங்கம் இருந்ததால் அவருக்கு அது விதி என்றே பட்டிருக்கிறது.

"இத ஏன் டாக்டரம்மாகிட்டச் சொல்லல?"

"சீருல வந்ததெல்லாம் மருந்துங்களா சார்? அப்படிப் பாத்தா ஆப்பிளயுஞ் சொல்லோணுமில்லீங்க? அதுமில்லாம எங்கண்ணன நானே காட்டிக் குடுக்கறதுங்களா?"

பாட்டில் ஒன்று பையில் இருந்தது. எழுதியிருந்ததைப் படித்தேன். மருதம்பட்டை, பூண்டு, இஞ்சி, 'மற்றும் சில அரிய மூலிகைகள்'. பக்கவிளைவுகள் அற்றது. மருந்துப் படிப்பு படித்தவனுக்கு அந்த 'மற்றும் சில' என்ற இரண்டு சொற்களைப் பார்த்தால் வரும் கோபம், மற்றவர்களுக்குக் கெட்ட வார்த்தை கேட்டால்கூட வராது. எது எவ்வளவு என்று ஒரு வரி கிடையாது. இதில் எது வார்ஃபரினைத் தூக்கிவிட்டது என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. ஆனால் சீர் வந்த மாதமும் ஐ.என்.ஆர். ஏறத் தொடங்கிய மாதமும் ஒன்றுதான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டரம்மாவே கண்டுபிடிக்காததை நான் கண்டுபிடித்துவிட்டேன்!

"இன்னைக்கே நிறுத்திடுங்க. ஒண்ணுகூட வாய்ல போடக் கூடாது. குப்பைல கொட்டுங்க."

"சீருல வந்தது குப்பைக்கா..." என்று இழுத்தார்.

"உங்க உயிருங்கம்மா. நிறுத்தறீங்களா இல்லீங்களா?"

"நிறுத்தறேனுங்க சார்." கும்பிட்டுவிட்டுப் போனார்.

அடுத்து நான் செய்ததைக் கேளுங்கள். மருந்துகளுக்குள் நேரும் மோதல்களைப் பதிவு செய்ய நம்மிடம் ஒரு படிவம் உண்டு. இப்போது கணினியில் இருக்கிறது. அப்போது தாளில், மூன்று பிரதிகள். அதை வடிவமைத்த குழுவில் நானும் இருந்தேன். பதினேழு கட்டங்களையும் நிரப்பினேன். 'எடுக்கப்பட்ட நடவடிக்கை' என்ற கட்டத்தில் 'மூலிகை மாத்திரை நிறுத்தப்பட்டது' என்று எழுதி அடிக்கோடு இட்டேன். ஒரு பிரதி கோப்பில், ஒரு பிரதி மாதாந்திரக் குழுக் கூட்டத்துக்கான தட்டில், ஒரு பிரதி எனக்கே. அந்த மூன்றாவது பிரதியை இரண்டு முறை படித்து மகிழ்ந்தேன். பிறகு சாப்பிடப் போனேன்.

உங்களில் கெட்டிக்காரர்கள் சிலர் இப்போதே நெளிகிறீர்கள். நல்லது. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

வார்ஃபரினை ஐந்திலிருந்து மூன்றாகக் குறைத்தது எதனால்? அந்தப் பாட்டில் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததால். பாட்டிலை நிறுத்திவிட்டால் மூன்று மில்லிகிராம் போதாது. மாடு இரண்டு பூட்டியிருந்த வண்டியில் ஒன்றை அவிழ்த்துவிட்டு, பாரத்தைக் குறைக்காமல் மேட்டில் அனுப்பியிருந்தேன். ரத்தம் பழையபடி கெட்டியாகும், உலோக வால்வில் கட்டும், கட்டியது மூளைக்குப் போனால் பக்கவாதம், வால்விலேயே நின்றால் வால்வு நின்றுவிடும். அடுத்த பரிசோதனையோ ஒரு மாதம் கழித்து. டாக்டரம்மாவின் அறை என் கவுன்டரிலிருந்து இருபது அடி. அந்த இருபது அடிக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

இது எனக்கு உறைத்தது ஆறு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசையின்போது. பக்கத்தில் இருந்தவர்கள் தங்கள் பாவங்களை நினைத்து மார்பில் தட்டிக்கொண்டிருந்த நேரம். நானும் தட்டினேன், என் பாவம் மூன்று மில்லிகிராம் என்று சட்டென்று தெரிந்தது. கோயிலை விட்டு நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, எனக்கு வயிறு சரியில்லை என்று எங்கள் பங்குச் சனம் முழுவதும் நம்பியது. இன்னும் நம்புகிறது.

மருத்துவமனைக்குப் போய்க் கோப்பை எடுத்தேன். தொடர்பு எண் என்ற இடத்தில் இருந்தது பூங்கொடியின் எண் அல்ல, அண்ணன் தங்கராசுவின் எண். அடித்தேன். எடுத்ததுமே பின்னணியில் தறிச் சத்தம். தீபாவளி நெருங்கியிருந்ததால் ஞாயிறும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஆருங்க?" என்று கத்தினார்.

நானும் கத்தி, யார் என்று சொன்னேன்.

"அட, பார்மசி சாருங்களா! வாங்க வாங்க. உங்களப் பத்தித்தானுங்க இங்க ஒரு பஞ்சாயத்தே நடந்துட்டிருக்குது. தங்கச்சி ஊட்டுலதான் இருக்கறேன். நீங்க சொன்னீங்கன்னு எம் மாத்திரைய எடுத்துட்டுப் போயிச் சாமி படத்துக்கு முன்னால வெச்சிருக்குதுங்க, சூடம் காட்டாதது ஒண்ணுதான் பாக்கி. ஆறு நாளா ஒண்ணுகூடச் சாப்புடலையாமா!"

நாற்காலியில் உட்கார்ந்தேன். என் முப்பத்து நான்கு வருடத் தொழிலில் சொன்ன சொல்லை அப்படியே கேட்ட நோயாளிகள் மிகச் சிலர். அவர்களில் ஒருவரை இப்படியா தேர்ந்தெடுக்க வேண்டும்?

"தங்கராசு, நான் சொல்றதக் கேளுங்க. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே உள்ளே பார்த்துக் கத்தினார். "பூங்கொடி! ஏ பூங்கொடி! இங்க வா சாமி! சாரே சொல்றாரு, நிறுத்துனது தப்பாமா! தண்ணி கொண்டா, இப்பவே ரெண்டு போட்டுறலாம்! ஆறு நாளுக்குஞ் சேத்து வேணும்னா நாலாவே போட்டுக்க!"

"போடக் கூடாது!" என்று நான் போட்ட கூச்சலில் காவலாளி எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க சார், நிறுத்துனதும் தப்பு, குடுக்கறதும் தப்புன்னா, அந்த மாத்திரைய என்னதானுங்க பண்றது? காதுல போட்டுக்கறதா?"

நியாயமான கேள்வி. நெருக்கடி என்றால் என்ன என்று புத்தகத்தில் படித்திருப்பீர்கள். நம் தொழிலில் அது இப்படித்தான் வரும். உங்கள் தவற்றை நீங்களே, நீங்கள் மட்டமாக நினைக்கும் ஒருவரிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்ட அதே மூச்சில் அவருக்கு உத்தரவும் போட வேண்டும். பழைய மாத்திரையைத் திரும்பக் கொடுத்துவிட்டால் பழைய நிலைமை வந்துவிடும் என்று எனக்கும் ஒரு நொடி ஆசை வந்தது. ஆனால் அந்தப் பாட்டிலில் எது எவ்வளவு என்று தெரியாது. இப்போது பூங்கொடியின் ரத்தம் எந்த நிலையில் இருக்கிறது என்றும் தெரியாது. தெரியாத ஒன்றின் மேல் தெரியாத இன்னொன்றை ஊற்றுவது வைத்தியம் அல்ல.

"அம்மாகிட்டக் குடுங்க போனை."

பூங்கொடி வந்தார். மூச்சுத் திணறுகிறதா? இல்லீங்க. பேச்சு தெளிவாக இருந்தது. இரண்டு கையையும் தூக்கச் சொன்னேன், அண்ணனைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னேன். முகம் ஒரு பக்கம் கோணுகிறதா என்று தங்கராசுவைப் பார்க்கச் சொன்னேன். "என்னையப் பாத்து எப்பவும் கோணிட்டுத்தானுங்க சிரிக்கும்" என்றார். பிறகு, கொஞ்சம் தணிந்த குரலில், "இல்லீங்க. நேராத்தான் இருக்குது."

உலோக வால்வுக்கு ஒரு சத்தம் உண்டு. கைக்கடிகாரம் மாதிரி டிக், டிக் என்று, அமைதியான இடத்தில் அவர்களுக்கே கேட்கும். ரத்தம் கட்டத் தொடங்கினால் அது மங்கலாம்.

"அம்மா, உங்க வால்வு சத்தம் எப்பவும் போலக் கேக்குதுங்களா?"

"தறி ஓடறப்ப எங்கீங்க சார் கேக்கும்?"

தங்கராசு போனை வாங்கினார். அவர் ஏதோ புரிந்துகொண்டுவிட்டார். குரலில் இருந்த தங்க நிலை இறங்கியிருந்தது. தறியில் நின்ற பூங்கொடியின் கணவரைப் பார்த்துக் கத்தினார். "மாப்ள! தறிய அமத்துங்க! எல்லாத் தறியும்! அட அமத்துங்கன்னா!"

ஒவ்வொன்றாக நின்றது. கடைசித் தறி நின்றதும் வந்த அமைதியை என்னால் போனிலேயே உணர முடிந்தது. எனக்கு என் கடிகாரம் கேட்டது, பூங்கொடியுடையது கேட்கவில்லை.

"கேக்குதுங்க" என்றார் பூங்கொடி.

"எப்பவும் போலவா?"

"தெரீலீங்க சார். இத்தன நாளா அதக் காது குடுத்துக் கேட்டதில்லீங்க."

அதைவிட நேர்மையான பதிலை எந்த நோயாளியும் எனக்குத் தந்ததில்லை. கேட்கிறது என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நாளைக்கு வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை, என் மானமும் திங்கள் வரை பிழைத்திருக்கும். "கார எடுங்க தங்கராசு. வர்ற வழியில எதையும் குடுக்காதீங்க. பாட்டிலக் கையோட கொண்டாங்க."

"வாரேனுங்க" என்றார்.

அடுத்து டாக்டரம்மாவை அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன். திட்டவில்லை. அதுதான் அவரிடம் உள்ள கொடுமை. "எப்போ நிறுத்தச் சொன்னீங்க?" "திங்கட்கிழமை." "எனக்கு எப்போ சொல்றீங்க?" "இப்போ." "சரி, நான் வர்றேன்" என்று வைத்துவிட்டார்.

ஐ.என்.ஆர். ஒன்று புள்ளி ஆறுக்கு இறங்கியிருந்தது. நெஞ்சுக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். வால்வு நன்றாகத் திறந்து மூடியது. கட்டி எதுவும் இல்லை. அதற்காக நான் எந்தப் பெருமையும் கொண்டாட முடியாது. இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்பது யாருக்கும் தெரியாது. ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போட்டு, வார்ஃபரினைப் படிப்படியாகக் கூட்டத் தொடங்கினார்கள். பூங்கொடியை வார்டில் சேர்த்தார்கள்.

டாக்டரம்மா நோயாளியின் கோப்பை என்னிடம் நீட்டினார். "இதுல எழுதுங்க. உங்க படிவத்துல இல்ல, இதுல. யார் என்ன சொன்னது, யாருக்குச் சொல்லாம விட்டது."

எழுதினேன். மூன்று வரிதான். வாழ்க்கையில் நான் மோசமான கையெழுத்தில் எழுதிய மூன்று வரிகள். படித்துவிட்டு அதன் கீழே தன் பங்குக்கு ஒரு வரி எழுதினார்: அளவு மாறியதற்குக் காரணம் கண்டுபிடிக்காமல் இரண்டு முறை மாத்திரையைக் குறைத்தது நான். கையெழுத்துப் போட்டார். பெரியவர்கள் தவற்றைப் பங்கு போட்டுக்கொள்ளும் விதத்தை அன்று பார்த்தேன். நீங்களும் ஒருநாள் யாருக்காவது அப்படி ஒரு வரி எழுத வேண்டியிருக்கும்.

தங்கராசு ஆறு நாளும் வார்டு வாசலிலேயே கிடந்தார். சட்டையில் குத்தியிருந்த 'தங்க நிலை' பேட்ஜை முதல் நாளே கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டார். இரண்டாம் நாள் என்னிடம் வந்தார்.

"ஏனுங்க சார், ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லுங்க. அது கெட்டதுங்களா? எனக்குப் படியேறுனா மூச்சு வாங்கறது கொறஞ்சிருக்குதுங்க. பொய் சொல்லலீங்க."

விஷம் என்று சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "உங்களுக்கு நல்லது செஞ்சிருக்கலாம். அது மாத்திரையாலயா, ஆள் சேக்க ஊர் ஊரா நடந்ததாலயான்னு எனக்குத் தெரியாது. மூச்சு வாங்குனது எதனாலன்னு முதல்ல டாக்டரம்மாகிட்டக் காட்டுங்க. ஆனா வேற மாத்திரை திங்கறவங்களுக்கு இத விக்கறதுக்கு முன்னால, என்ன மாத்திரைன்னு கேளுங்க. ரத்தத்த இளக்கற மாத்திரைன்னா எங்களக் கேக்காமக் குடுக்காதீங்க."

"அப்பறம் ஏற்கெனவே வாங்கித் தின்னுட்டு இருக்கறவங்க?"

அவர் கேட்ட பிறகுதான் எனக்கே தோன்றியது. "அவங்கள நிறுத்தச் சொல்லாதீங்க. இங்க வரச் சொல்லுங்க."

அந்த வாரம் எடப்பாடிப் பக்கமிருந்து ஏழு பேர் பாட்டிலோடு வந்தார்கள். அதில் இருவர் இதய நோயாளிகள். இருவரும் எங்கள் படிவத்தில் 'பிற மருந்துகள்: இல்லை'. கையெழுத்து என்னுடையதுதான், பார்த்தேன்.

ஆறாம் நாள் காலை ஐ.என்.ஆர். சீட்டு வந்தது. அதை எடுத்துக்கொண்டு வார்டுக்கு நானே போனேன். டாக்டரம்மா ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார். தங்கராசு கட்டில் ஓரத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"மார்க்கு எத்தனைங்க சார்?" என்றார் பூங்கொடி.

"ரெண்டு புள்ளி ஏழு."

"பாஸுங்களா?"

"பாஸ்."

ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நீங்களும் பாஸுங்களா சார்?"

நான் பதில் தேடுவதற்குள் தங்கராசு முந்திக்கொண்டார். "அதெப்படி? சாருக்கு அரியர் இருக்குதில்ல?"

டாக்டரம்மா சிரித்து அன்றுதான் பார்த்தேன். நான் பேனாவை எடுத்து, பூங்கொடியின் சீட்டில் பெரிய எழுத்தில் எழுதினேன்: அடுத்த திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி, ரத்தப் பரிசோதனை. அதையே இன்னொரு தாளில் எழுதி டாக்டரம்மா கையில் கொடுத்தேன்.

திங்கட்கிழமை எட்டரைக்கே போய் வாசலில் நின்றேன். அரியர் எழுதுகிறவன் தாமதமாகப் போகக் கூடாது.